ஐஸ் அக்கா எழுதிய பொய்ச் சீட்டுகள்

அந்த நீச்சல் குளத்தில் பதினோரு வருடமாக வேலை பார்த்தும் அவளுக்கு நீச்சல் தெரியாது. அதை அவள் மறைத்ததும் இல்லை. "தண்ணி உங்க பாடு, வலி என் பாடு" என்று பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுவாள். பிசியோதெரபி படித்தவள். அவள் பெயரும் பட்டமும் அறைக் கதவில் ஒட்டியிருந்தன. ஆனாலும் அங்கே நீந்தும் நாற்பத்துச் சொச்சம் பிள்ளைகளுக்கும் அவள் ஐஸ் அக்காதான்.

பேப்பர் கப்பில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்திருப்பாள். வலி என்று யாராவது வந்தால் கப்பின் விளிம்பைக் கிழித்துவிட்டு, அந்த ஐஸ் கட்டியால் வலிக்கிற இடத்தில் வட்டம் வட்டமாகத் தேய்ப்பாள். பிள்ளைகள் வீல் என்று கத்தும். "கத்து கண்ணு, நல்லா கத்து. பக்கத்துல பம்பு ஓடுது, ஒரு ஈ காக்காய்க்குக்கூட கேக்காது" என்பாள். அடுத்த அறை பம்பு அறை. சுவர் எந்நேரமும் லேசாக அதிர்ந்துகொண்டிருக்கும். அறையில் இரண்டு கட்டில், ஒரு ஃப்ரிட்ஜ், குளோரின் வாசனை ஏறிய ஒரு கட்டுத் துண்டுகள், ஒரு பதிவேடு. அவ்வளவுதான்.

அதற்கு முன்பு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டில் இருந்தாள். இடுப்பு ஒடிந்த பெரியவர்களை நடக்க வைப்பதைவிட இந்த வாண்டுகளைப் பார்த்துக்கொள்வது சுலபம் என்று நினைத்துத்தான் இங்கே வந்தாள். வந்த பிறகுதான் தெரிந்தது. பெரியவர்கள் வலித்தால் வலிக்கிறது என்பார்கள். இந்தப் பிள்ளைகளோ, அப்பா முகத்தையும் கோச் முகத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் தங்களுக்கு வலிக்கிறதா இல்லையா என்று முடிவு செய்தார்கள்.

அப்படி ஒரு நாள் காலை வந்தவள்தான் பொடிசு. பதினொரு வயது. வயதுக்கு உருவம் சிறியது. தண்ணீரில் இறங்கிவிட்டால் அவளைப் பிடிக்க ஆளில்லை. ஆறு வயதில் குளத்துக்கு வந்ததோடு அவள் ஓட்டமும் ஸ்கேட்டிங்கும் படம் வரைவதும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. வாரத்தில் ஆறு நாள், விடியும்போது ஒரு தடவை, பள்ளி விட்டதும் ஒரு தடவை. அப்பா லிஃப்ட் மெக்கானிக். கழுத்தில் ஸ்டாப் வாட்ச் தொங்கும். மகள் எந்தத் தேதியில் எத்தனை நொடியில் நீந்தினாள் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மகள் எந்த வகுப்பில் எந்தப் பிரிவில் படிக்கிறாள் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்.

"எந்தத் தோள் வலிக்குது?"

"இது" என்று வலது தோளைத் தொட்டாள் பொடிசு.

ஐஸ் அக்கா கையைப் பக்கவாட்டில் மெல்லத் தூக்கிப் பார்த்தாள். கை தடையில்லாமல் உச்சி வரை போயிற்று. அழுத்திப் பார்த்தாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"இங்க வலிக்குதா?"

"கொஞ்சம். இல்ல... நேத்து வலிச்சுது. நேத்து இந்தப் பக்கம்."

"ஊர் சுத்துற வலியா இருக்கே! சரி, படு."

ஐஸ் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் பொடிசு தூங்கிவிட்டாள். ஈர நீச்சலுடையோடு, வாய் திறந்து, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க. ஐஸ் அக்கா அந்தக் கையை எடுத்து உள்ளே வைத்தாள். மேலே ஒரு துண்டைப் போர்த்தினாள். கையில் ஐஸ் உருகி முழங்கை வரை வழிந்தது. நாற்பது நிமிடம் அவள் யாரையும் உள்ளே விடவில்லை. பிறகு கோச்சுக்குக் கொடுக்கும் சீட்டை எடுத்து, "வலது தோள் தசைப்பிடிப்பு. மூன்று நாள் ஓய்வு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அது பொய். அவள் எழுதிய முதல் பொய்.

அன்று ராத்திரி அவளுக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிள்ளைக்கு ஒரு நன்மை செய்தோம் என்றுதான் நினைத்தாள்.

பிள்ளைகள் வட்டாரத்தில் சேதி பரவ எவ்வளவு நேரமாகும்? அடுத்த வாரம் இரண்டு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் ஐந்து பேர். ஒருத்திக்கு முழங்கால், ஒருத்தனுக்கு முதுகு, இன்னொருத்தனுக்கு "அக்கா, எங்கன்னு சரியா சொல்லத் தெரியல, ஆனா வலிக்குது". அவர்கள் கண்ணுக்கடியில் இருந்த கருப்பைப் பார்த்துவிட்டு அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. எல்லோருக்கும் சீட்டு எழுதினாள்.

கோச்சுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் விசில். கெட்ட மனிதர் இல்லை. பிள்ளைகளின் பிறந்தநாள் எல்லாம் ஞாபகம் வைத்திருப்பார். ஆனால் கூட்டிக் கழித்துப் பார்க்கத் தெரியாதவரும் இல்லை. நேரம் எடுத்துப் பார்க்கும் நாளுக்கு முந்தின நாள் மட்டும் குளத்தில் பாதிப் பேருக்குத் தசை பிடித்துக்கொள்கிறது என்பது அவர் கண்ணில் பட்டுவிட்டது.

இந்த நேரம் பார்த்துத்தான் நெட்டைக்கு வலி வந்தது. நெட்டை பதினைந்து வயதுப் பெண், குழுவிலேயே உயரமானவள், அதிகம் பேசாதவள். குளக்கரையில் நின்று, "சார், தோள் வலிக்குது. அக்காகிட்ட போயிட்டு வரவா?" என்று கேட்டாள்.

"உனக்குமா? எல்லாருக்கும் ஒரே வியாதி! போ, போய் நீந்து. நாளைக்கு டைம் எடுக்கணும்."

நெட்டை தண்ணீரில் இறங்கினாள். அன்றும் நீந்தினாள், மறுநாளும் நீந்தினாள். இரண்டாம் நாள் சாயங்காலம் உடை மாற்றும் அறையில் சட்டைக்குள் கையை நுழைக்க முடியாமல் நின்றவளைப் பொடிசுதான் ஐஸ் அக்காவிடம் கூட்டி வந்தாள்.

ஐஸ் அக்கா நெட்டையின் கையைத் தூக்கினாள். தோள் மட்டத்துக்குப் பாதி தூரம்கூடப் போகவில்லை, நெட்டை பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். இது ஊர் சுற்றுகிற வலி இல்லை.

"எத்தனை நாளாடி? ஏன் என்கிட்ட வரல?"

"சார்கிட்ட கேட்டேன்க்கா. எல்லாரும் சொல்ற மாதிரி நானும் சொல்றேன்னு நெனச்சிட்டார்."

ஐஸ் அக்கா ஃப்ரிட்ஜைத் திறந்தாள். நெட்டையின் தோளில் ஐஸ் வைத்துக் கட்டினாள், அவள் அம்மாவுக்குப் போன் செய்து டாக்டரிடம் அனுப்பினாள். பிறகு பதிவேட்டை எடுத்துக்கொண்டு நேராகக் கோச்சின் அறைக்குப் போனாள். பொடிசின் அப்பாவும் அங்கே இருந்தார். மகளின் தோளை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா என்று கேட்க வந்திருந்தார்.

"ஸ்கேன் வேண்டாம்ணே. உங்க பொண்ணு தோள்ல ஒண்ணும் இல்ல" என்றாள்.

"நீங்கதானே மேடம் எழுதிக் குடுத்தீங்க?"

"நான்தான் எழுதினேன். பொய் எழுதினேன். இதுல பதிஞ்ச சீட்டுல பதினேழு பொய்." பதிவேட்டை மேசையில் வைத்தாள். "அவங்களுக்குத் தூக்கம் வேணும். ஒரு நாள் சும்மா இருக்கணும். அதைக் கேட்டா நீங்க யாரும் குடுக்க மாட்டீங்க, தசைப்பிடிப்புன்னா குடுப்பீங்க. அதான் எழுதினேன். நான் எழுதின பொய்யால நெஜமா வலிச்சவள நீங்க நம்பல சார். அவ கையைத் தூக்க முடியாம டாக்டர்கிட்ட போயிருக்கா. பாதித் தப்பு என்னுது."

கோச்சின் முகம் சிவந்தது. "என்னை முட்டாளாக்கிட்டீங்களே அக்கா! நேரா வந்து என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். இதுங்க மாதிரியே நானும் உங்க முகத்தைப் பாத்துப் பயந்துட்டேன்."

கோச் உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்டினார். மீதிப் பாதி யாருடைய தப்பு என்று அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

பொடிசின் அப்பா வாசலுக்கு வந்தார். மகள் நீச்சல் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கோபத்தில் என்னவோ சொல்ல வந்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"பாப்பா, உனக்கு நீச்சல் புடிக்கலையா?"

பொடிசு பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

"புடிக்கும்ப்பா. ஆனா தெனமும் புடிக்கல."

நிர்வாகம் ஐஸ் அக்காவை இரண்டு வாரம் வேலைக்கு வரவேண்டாம் என்றது. அவளும் வீட்டில் இருந்தாள். திரும்பி வந்தபோது பதிவேட்டில் ஒரு புதுக் கட்டம் போட்டிருந்தது. 'சோர்வு' என்று கோச் தன் கையாலேயே தலைப்பு எழுதியிருந்தார். அதில் பெயர் எழுதுகிறவர்களுக்கு ஒரு நாள் ஓய்வு. "ஒரு மாசம் பாப்போம். இதை வெச்சு ஏமாத்தினா எடுத்துடுவேன்" என்றார். முதல் வாரம் பதினான்கு பேர் அந்தக் கட்டத்தில் பெயர் எழுதினார்கள், அவருக்குத் திக்கென்றது. மூன்றாவது வாரம் நான்கு பேர். கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்த பிறகு அவ்வளவாக யாரும் கேட்கவில்லை. இது சரிப்படாது என்று இரண்டு வீட்டார் மட்டும் பிள்ளைகளை வேறு குளத்துக்குக் கூட்டிப் போய்விட்டார்கள்.

நெட்டையின் தோள் தேற ஒன்பது வாரமானது. அந்த வருடத்துப் போட்டிகள் அவளுக்கு இல்லாமலே போயின. தோளைத் தேற்றும் பயிற்சிக்குத் தினமும் வருகிறவளிடம் ஒரு நாள் ஐஸ் அக்கா மன்னிப்புக் கேட்டாள், எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்போ அத்தனை பேர்ல எனக்கு மட்டும்தான் நெஜமாவே வலிச்சுதாக்கா?" என்று கேட்டுவிட்டு நெட்டை சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கியது. ஐஸ் அக்கா ரப்பர் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். "பத்து வாட்டி இழுக்கணும்ல, குடுங்க" என்று நெட்டைதான் அதை வாங்கிக்கொண்டாள்.

பொடிசு வாரத்தில் மூன்று நாள்தான் இப்போது நீந்துகிறாள். அவள் நீந்தி முடிக்கும் நேரம் சில நொடி கூடியிருக்கிறது. மற்ற நாட்களில் பள்ளியில் பேட்மின்டன் ஆடுகிறாள், சுமாருக்கும் கீழேதான். முதல் போட்டி முடிந்ததும் அவள் அப்பா ஐஸ் அக்காவுக்குப் போன் செய்தார்.

"மேடம், இருபத்தொண்ணுக்கு மூணுல தோத்துட்டா."

"அழுறாளா?"

"அதான் புரியல. சிரிச்சிக்கிட்டே வர்றா. நான் இப்ப என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்லாதீங்கண்ணே. பசிக்குதான்னு கேளுங்க."

அவர் கேட்பதும், "ரொம்ப!" என்று பொடிசு கத்துவதும் போனில் கேட்டது.