என் பேச்சைக் கேட்டு அவள் நிறுத்திய மாத்திரை

மாதவிலக்கு நின்றபிறகு என் மனைவிக்குத் திடீர் திடீரென்று உடம்பெல்லாம் எரியும். வேர்த்து ரவிக்கை நனைந்துவிடும். ராத்திரி தூக்கமே கிடையாது. காரைக்குடியில் ஒரு பெண் மருத்துவர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு ஹார்மோன் மாத்திரை கொடுத்தார். சில வாரங்களில் அவள் நன்றாகத் தூங்க ஆரம்பித்தாள்.

அந்த மாத்திரையால் மாரடைப்பு வரும் என்று என் செல்போனுக்கு ஒரு வீடியோ வந்தது. பதறிப்போனேன்.

"உயிரைவிடத் தூக்கமா பெருசு? இனிமே இதைத் தொடாத" என்றேன்.

"டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிருவமே" என்றாள்.

நான் சம்மதிக்கவில்லை. அவளும் நிறுத்திவிட்டாள். எரிச்சல் திரும்பி வந்தது.

வருடங்கள் கழித்து, குன்றக்குடிக் கோயில் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இதயக் குழாயில் அடைப்பு. சிகிச்சையில் தேறினாலும் பழைய எரிச்சல் விடவில்லை. அதே மருத்துவரிடம் போய் அந்த மாத்திரையைக் கேட்டோம்.

"இப்பக் குடுக்கக் கூடாது. அன்னைக்கு இவுகளுக்கு இதயம் நல்லா இருந்துச்சு, விலக்கு நின்னும் ரொம்ப நாளாகல. அதையெல்லாம் பாத்துட்டுத்தான் குடுத்தேன்" என்றார்.

"நிறுத்துனதாலதான் அடைப்பு வந்துச்சா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க. அது இதயத்தைக் காக்குறதுக்கான மாத்திரை இல்லை. ஆனா இத்தனை வருசம் நிம்மதியாத் தூங்கியிருப்பாக."

ஆட்டோவில் திரும்பும்போது மனைவி மெல்லச் சொன்னாள்: "எனக்காகத்தான் பயந்தீக, தெரியும். ஆனா எரிஞ்சது என் உடம்புல்ல?"

அவள் குரலில் கோபம்கூட இல்லை. அவள் விழித்துக் கிடந்த ராத்திரிகளில் எல்லாம், அவளுக்கு நல்லது செய்துவிட்ட நிம்மதியில் நான் பக்கத்திலேயே தூங்கியிருக்கிறேன்.