ஆங்கிலத்தில் கேட்ட சம்மதம்

என் எழுத்து கோணலாக இருக்கும். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

கொழும்பில் வேலை செய்யும் என் மகள், தான் வாசித்துப் பழகிய மின்புத்தகக் கருவியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கலாம் என்றாள். கண் மங்கியதால் ஒரு வருடமாக நான் எதையும் வாசிக்கவில்லை. கூச்சத்தில் அதை அவளைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அவள் ஏற்றித் தந்த தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தால் எழுத்துக்குப் பதிலாக வரிசை வரிசையாகப் பெட்டிகள்தான் வந்தன.

வட்டவளையில் மனைவியின் தம்பி வீட்டில் கணினி இருக்கிறது. மச்சான் கருவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இத ரூட் பண்ணினாத்தான் தமிழ் எழுத்த உள்ள போடலாம் மச்சான். கம்பெனிக்காரன் பூட்டுன ரூமுக்குச் சாவி எடுக்கிற மாதிரி."

"சாவி யார் கையில இருக்கும்?"

"ஒன் கையிலதான். வேற யாருக்கு?"

அந்த 'வேற யாருக்கு' எனக்குப் பிடிக்கவில்லை. போன மழைக்கு வாங்கிப் போன என் குடை இன்னும் அவன் வீட்டு ஆணியில்தான் தொங்கியது.

கேபிளை மாட்டி ஏதோ தட்டினான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கருவியில் ஒரு பத்தி ஆங்கிலம் வந்தது.

"மேல இருக்கிறத அமுக்கு."

"என்ன எழுதியிருக்கு?"

"ஒண்ணுமில்ல. சம்மதமான்னு கேக்குது."

எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு ஆங்கிலத் தாள் வந்தால், தொழிற்சங்கத் தலைவர் வாசித்துச் சொல்லாமல் யாரும் பேனாவைத் தொடுவதில்லை. என் பெரியப்பா ஒருமுறை அவசரப்பட்டுப் பெருவிரல் வைத்தார். குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போகச் சம்மதம் என்று அதில் இருந்தது என்பது, பயண நாள் குறித்த பிறகுதான் தெரிந்தது.

வாயால் மறுக்க எனக்கு வரவில்லை. கேபிளைப் பிடுங்கிக் கருவியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

"களவெடுத்த கோழியா மச்சான் அது, சட்டைக்குள்ள ஒளிக்கிற?"

"அதுல உள்ளது முழுசையும் தமிழ்ல பெருசு பெருசா எழுதி, கீழ ஒன் கையெழுத்தப் போடு."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. பழைய கலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதினான். மூன்றாவது வரி: 'உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.'

"இத நீ சொல்லலியே."

"சொன்னா விட மாட்ட. பழைய இங்கிலீஷ் புக்குதானே, யார் வாசிக்கப் போறா?"

அவற்றில் மகள் கோடு போட்டு, பக்கத்தில் குறிப்பும் எழுதியிருந்தாள். எனக்கு அவை விளங்காது. ஆனாலும் அவள் எழுதியவை.

"மொதல்ல அதெல்லாம் கம்ப்யூட்டர்ல எடுத்து வை. கண்ணால பாத்துட்டுத்தான் அமுக்குவேன்."

கேபிளை மறுபடி மாட்டி எடுத்து வைத்தான். ஒரு பக்கத்தைத் திறந்து, பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். கோடு இருந்தது, குறிப்பும் இருந்தது. பிறகு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நானே அமுக்கினேன்.

கருவி வெகுநேரம் வெறுமையாகக் கிடந்தது. என் கை மீண்டும் கேபிளுக்குப் போனது, மச்சான் தட்டிவிட்டான். அது விழித்ததும் தமிழ் எழுத்தை உள்ளே போட்டு, மகள் தந்த புத்தகத்தை மறுபடி ஏற்றித் திறந்தான். ஒவ்வொரு எழுத்தும் என் பெருவிரல் நகம் அளவுக்கு இருந்தது.

"இப்ப நம்புறியா?"

"பாக்கிறேன்" என்று கடைசிப் பக்கம்வரை தள்ளிப் பார்த்தேன். ஒரு பெட்டிகூட இல்லை.

வரும்போது குடையையும் எடுத்துக்கொண்டேன். அந்தக் கலண்டர் தாள் கருவியின் உறைக்குள் இருக்கிறது. மகளின் பக்கங்கள் மச்சானின் கணினியில் இருக்கின்றன. வட்டவளைக்குப் போகும்போதெல்லாம் திறந்து காட்டச் சொல்கிறேன்.

2024 ஜனவரி 16, மாட்டுப் பொங்கல்.