தலை பெருத்த அம்மன்

கோபுரத்தில் சுதை வேலை செய்கிறவள் நான். செங்கல், கம்பி, சிமெண்டுச் சாந்து வைத்து சாமி உருவங்களை உண்டாக்குகிறோம். செஞ்சிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், கோபுரத்தின் மூன்றாம் நிலையில் இருக்கும் அம்மனை முழுக்க நானே செய்தேன். தலையை உடம்புக்குப் பொருந்துவதைவிட நாலு விரல் பெரிதாக வைத்தேன். முகத்தை முன்னால் தள்ளி, கண்ணைக் கீழே திருப்பினேன். தெருவில் நிற்பவருக்கு உயரத்தில் இருப்பது சிறுத்துத் தெரியும். அதை ஈடுகட்டத்தான் இப்படி.

வண்ணம் பூசிய மறுநாள் திருப்பணிக் குழுச் செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாரத்தில் ஏறினார். பலகைமேல் அம்மனுக்கு நேர் எதிரே நின்று செல்போனில் ஒரு படம் எடுத்து, ஊர்ப் பெயரில் இருக்கும் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டார்.

சாயங்காலத்துக்குள் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர் ஒருவர், "இது அம்மனா, பொம்மையா? தலையை உடைத்துவிட்டு வேறு வையுங்கள்" என்று எழுதியிருந்தார். அதற்குத்தான் லைக் அதிகம்.

மறுநாள் காலை செயலாளர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இன்னாம்மா இது? தல பானை மாதிரி இருக்குது. கும்பாபிஷேகத்துக்குள்ள உடைச்சி மாத்திடு."

படத்தைப் பார்த்ததும் எனக்கே ஒரு நொடி திக்கென்றது. கழுத்தை நீட்டிக்கொண்டு யாரையோ முட்ட வருகிறவள்போல இருந்தாள் அம்மன். பிறகு கோபம் வந்தது. அந்தப் பலகையில் நின்று யார் கும்பிடப் போகிறார்கள்? காக்கா குருவிதான்.

"கீழ நின்னு பாக்கறதுக்குச் செஞ்சதுண்ணா. நீங்க நேருக்கு நேரா எடுத்துட்டீங்க."

"கீழேர்ந்து பாக்கலாம்னா சாரத்தச் சுத்திக் கட்டுன ஓலத் தட்டி மறைக்குதே!"

"சாரத்தப் பிரிச்சப்புறம் பாருங்க. அப்பவும் தப்பா இருந்தா, மறுபடியும் சாரம் கட்டி நானே உடைக்கிறேன்."

அரை மனதாக இறங்கிப் போனார். அன்று வேலை முடிந்ததும் அம்மனின் காலடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன். எதையும் தொடவில்லை.

கும்பாபிஷேகத்துக்கு முந்தின வாரம் முன்பக்கச் சாரத்தைப் பிரித்தார்கள். செயலாளர் கோயிலுக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் நின்று வெகுநேரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

கும்பாபிஷேகத்தன்று பெங்களூர்க்காரர் குடும்பத்தோடு வந்தார். கையிலிருந்த போனில் அந்தப் படம். கோபுரத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். நான்தான் செய்தவள் என்று செயலாளர் சொன்னதும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"நல்ல வேளைம்மா, சொன்ன உடனே தலய மாத்திட்டீங்க. இப்பப் பாருங்க, இன்னா களை!"

எனக்குப் பெருமையாக இருந்தது. எரிச்சலும் அதே அளவு இருந்தது.

"மாத்தல சார். அதே தலதான்."

அவர் இன்னொரு முறை போனைப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார்.