சிவப்பு வராத மானிட்டர்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பதினாறு வருடமாகத் திருப்பூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன், திரையில் எது தெரிந்தாலும் அதற்குப் பின்னால் ஒரு ஒயர் இருக்கும், அவ்வளவுதான் என் நம்பிக்கை. இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அவிநாசிபாளையம் தாண்டி ஒரு பனியன் கம்பெனி. அங்கே மேனேஜர் கந்தசாமி ஒருநாள் காலை போன் செய்து, கேமரா பார்க்கிற மானிட்டரில் எல்லாம் பச்சையும் நீலமுமாகத் தெரிகிறது என்றார். கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஒயர் முனையில் சிவப்புக்கான பின், அந்தச் சின்ன ஊசி, வளைந்திருக்கும். அது வேலை செய்யாவிட்டால் சிவப்பாக இருப்பதெல்லாம் கறுப்பாகத் தெரியும். பத்து நிமிட வேலை.

போய்ப் பார்த்தால் திரையில் நான்கு கட்டம். மூன்றில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நாலாவது, துணி ஏற்றுகிற லிஃப்ட் வாசல். அங்கே ஒரு பெண் குப்புறக் கிடந்தாள், இடது கை உடம்புக்கு அடியில், ஒரு காலில் செருப்பில்லை, தலைப்பக்கம் கறுப்பாக என்னவோ கொட்டியிருந்தது. மெஷின் ஆயில் என்றுதான் நினைத்தேன்.

"அய்யோ, யாருங்க அது?" என்று கந்தசாமி ஓடினார், நானும் பின்னால் ஓடினேன். செக்கிங் டேபிளில் நின்றிருந்த ஸ்டெல்லா, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், எங்கள் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு அவளும் வந்தாள். லிஃப்ட் வாசலில் யாருமில்லை. தரை சுத்தமாக இருந்தது. பக்கத்தில் துணி ரோல்களை ஆள் உயரத்துக்கும் மேலே அடுக்கியிருந்தார்கள், வேறொன்றும் இல்லை.

மூன்று பேரும் திரும்பி வந்தோம். திரையில் அவள் அப்படியே கிடந்தாள்.

"இது நம்ம லிஃப்டுல்லா? யாருண்ணே இப்படிக் கெடக்கா?" என்றாள் ஸ்டெல்லா.

மானிட்டரை நிறுத்திப் போட்டேன். அந்தப் படம் போகவில்லை. ஒயரையே பிடுங்கினேன். சிக்னல் இல்லை என்று எழுத்து வந்தது, அந்த எழுத்துக்குப் பின்னால் மங்கலாக, நம்பினால் நம்புங்கள், அவள் இருந்தாள். எனக்கு உயிர் வந்தது. ஒயர் இல்லாமலே தெரிகிறதென்றால் திரையில் படம் பதிந்துவிட்டது என்று அர்த்தம். ஒரே காட்சி மாதக்கணக்கில் ஓடினால் அப்படி ஆவதுண்டு.

"ஒண்ணுமில்லீங்க, பழைய படம் ஸ்கிரீன்ல ஒட்டிக்கிச்சுங்க" என்றேன்.

அப்படிப் பதிய வேண்டுமானால் அவள் அங்கே மாதக்கணக்கில் அசையாமல் கிடந்திருக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

கந்தசாமிக்கு மனசு ஆறவில்லை. "எதுக்கும் அந்த ரோலையெல்லாம் எறக்கி வெச்சரலாமுங்களா? ஒரு மாதிரியா இருக்குதுங்க."

"ஏனுங்க, மானிட்டர் ரிப்பேருக்கு யாராவது ரோல எறக்குவாங்களா?" என்று சிரித்தேன். ஸ்டெல்லாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நான் பயந்தே போயிட்டேண்ணே" என்று சொல்லிக்கொண்டே வேலைக்குப் போனாள்.

வளைந்த பின்னை நிமிர்த்தி மாட்டினேன். சிவப்பு வந்தது. அந்தப் பெண்ணின் படம் மறைந்துவிட்டது.

ஐந்தாம் நாள், மதியச் சாப்பாட்டு மணி அடித்த நேரம், அந்த ரோல் அடுக்கு சரிந்து ஸ்டெல்லா மேல் விழுந்தது. லிஃப்டின் இரும்புச் சட்டத்தில் தலை மோதி அங்கேயே உயிர் போய்விட்டது. போலீஸுக்குக் கேமரா பதிவு எடுத்துக் கொடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஓட்டிப் பார்த்தேன். இடது கை உடம்புக்கு அடியில் இருந்தது. ஒரு செருப்பு கழன்று தூரத்தில் கிடந்தது. தலைப்பக்கம் இருந்தது ஆயில் இல்லை.

பக்கத்தில் நின்ற கந்தசாமி என்னைத் திட்டவில்லை. "நாம எறக்கியிருக்கலாமுங்க" என்று மட்டும் சொன்னார். நீங்கள்தான் தடுத்தீர்கள் என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவர் வெளியே போன பிறகு நான் மானிட்டர் பார்க்க வந்த அன்றைய பதிவைத் தேடி எடுத்தேன். லிஃப்ட் வாசல் காலியாகத்தான் இருக்கிறது, பெண்ணும் இல்லை ஒன்றும் இல்லை. பிறகு நானும் கந்தசாமியும் ஓடி வருகிறோம். வெறும் தரையில் ஓரிடத்துக்கு வந்ததும் இரண்டு பேரும் வேகத்தைக் குறைத்து, எதையோ மிதித்துவிடக் கூடாது என்பதுபோல ஒதுங்கி, சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகிறோம். அப்படி நடந்ததாக எனக்கு நினைவே இல்லை. பிறகு கந்தசாமியைக் கேட்டேன், அவருக்கும் இல்லை.

பின்னால் வருகிற ஸ்டெல்லா மட்டும் ஒதுங்கவில்லை. நேராக நடந்து வந்து, நாங்கள் சுற்றிப் போன இடத்தின் நடுவில் நிற்கிறாள்.