மஞ்சள் கையுறையும் சிலுவை அடையாளமும்

ஒரு கணினிக்குக் கையசைவு புரிய வேண்டும் என்பதற்காக, அதன் முன்னால் நிற்பவர் தம் கையின் மற்ற வழக்கங்களை எல்லாம் விட்டுவிட வேண்டுமா? இரண்டாயிரங்களின் நடுவில், ஒரகடத்தில் கார் உதிரிப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிப் பொறியாளனாக இருந்தபோது இந்தக் கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தது. அதைக் கொண்டுவந்தவர், இரும்புத் தகடுகளை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் ஷாப்பின் ஆய்வு மேசையில் நின்ற ஒரு பெண்மணி. வாலாஜாபாத் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தவர். ஷாப்பில் எல்லாருக்கும் அவர் அக்கா, எனக்கும்தான்.

பிரஸ்ஸிலிருந்து வரும் இரும்புத் தகடுகளைத் திருப்பிப் பார்த்து, சரியா தள்ளுபடியா என்று கணினியில் பதிவதே அக்காவின் வேலை. தகடுகளில் எண்ணெய் வழியும். எந்தக் கீபோர்டும் அந்த மேசையில் நெடுநாள் தாக்குப்பிடித்ததில்லை; மவுஸ் மீன்போல் வழுக்கியது. ஆகவே, எதையும் தொடாமல் கையசைவாலேயே கணினியை இயக்கும் திட்டம் ஒன்றை நான் முன்வைத்தேன். திரைக்கு மேல் ஒரு சிறு கேமரா. அக்காவின் வலக்கையில் பளீரென்ற மஞ்சள் கையுறை. கை வலப்பக்கம் போனால் 'சரி', இடப்பக்கம் போனால் 'தள்ளுபடி', மேலும் கீழும் போனால் பக்கம் நகரும். மென்பொருளை நானே எழுதினேன். முதல்நாள் அது வேலை செய்தபோது அடைந்த மகிழ்ச்சியை இன்றும் மறைக்க விரும்பவில்லை.

அக்காவும் மகிழ்ந்தார். மாலைக்குள் மட்டும் கொஞ்சம் முகம் வாடியது.

"நல்லாத்தான் கீது சார். ஆனா மத்தியானத்துக்கு மேல தோள்பட்ட கழண்டு வுழுந்துடும் போல கீது. பஸ்ஸுக்கு டாட்டா காட்டிக்கினே நிக்கிற மாதிரி."

அதைக் குறித்துக்கொண்டேன். ஆனால் பெரிய சிக்கல் வேறொன்று. கணினியின் கணக்கில் இருந்த தகடுகள் சில, தட்டில் இல்லை. ஒவ்வொரு ஷிஃப்டிலும் இப்படியே நடந்தது. காணாமற்போன தகட்டுக்கு ஆய்வு மேசையில் நிற்பவரே பொறுப்பு என்பது அங்குள்ள விதி. அக்கா ஒப்பந்தத் தொழிலாளி; ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் மாதம் அது. மகளை அப்போதுதான் ஊரில் ஒரு நல்ல பள்ளியில் சேர்த்திருந்தார். கான்ட்ராக்டர் இரண்டு முறை வந்து மேசையடியில் குனிந்து தேடிவிட்டுப் போனார்.

நான் மேசையருகே போய் நின்றேன். சிறிது நேரத்தில் மேலே கிரேன் மணியடித்துக்கொண்டு நகர்ந்தது. தகட்டை வடிவமாக்கும் டை என்னும் பெரிய இரும்பு அச்சு அதில் தொங்கியது. அக்கா நிமிர்ந்து பார்த்தார். மஞ்சள் கை நெற்றிக்குப் போயிற்று, நெஞ்சுக்கு இறங்கியது, இடத்தோளைத் தொட்டது, வலத்தோளைத் தொட்டது. திரையில் பக்கம் மேலே தாவிக் கீழே இறங்கியது. தள்ளுபடிக்கு ஒரு சிவப்பு, சரிக்கு ஒரு பச்சை. இல்லாத இரண்டு தகடுகளை என் மென்பொருள் கண்ணெதிரே பெற்றெடுத்தது.

பக்கத்து பிரஸ்ஸில் நின்ற திருநெல்வேலிக்காரருக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது.

"யக்கா, கம்ப்யூட்டருக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டீயளோ?"

"இன்னாடா, நக்கலா? உன் தலைக்கு மேல போவுதேன்னுதான்டா சிலுவ போட்டேன். வேணான்னா சொல்லு, வுட்டுடறேன்."

"ஐயோ, விட்ராதீய! எனக்கு இன்னும் கல்யாணம் ஆவல."

சுற்றிலும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார், பிறகு என்னைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. தம் கைதான் தம்மைக் காட்டிக்கொடுத்தது என்று அவர் எண்ணிக்கொண்டார்.

தர மேலாளரிடம் சொன்னேன். நல்ல மனிதர், அவசரக்காரர். "அவ்வளவுதானே? அந்தப் பழக்கத்த விடச் சொல்லிடுப்பா. கேட்டுக்குவாங்க" என்றார். நான் சொல்லத் தயங்கினேன், ஆனால் சொன்னேன். அக்கா மறுபேச்சில்லாமல் தலையாட்டியது எனக்கு உவப்பாக இல்லை.

மறுநாள் கிரேன் வந்தபோது அவருடைய இடக்கை, வலக்கையை இறுகப் பிடித்துக்கொண்டது. கிரேன் போன பிறகும் விடவில்லை. திருநெல்வேலிக்காரர் உதவிக்கு வந்தார்.

"இடது கையால போட்டா என்னக்கா? அதுலதான் மஞ்ச இல்லையே."

"பீச்சாங்கையாலயா? செருப்பு பிஞ்சிடும்!"

கடைசியில் அவரே ஒரு வழி கண்டார். மணி கேட்டதும் கையுறையைக் கழற்றுவார், சிலுவை போடுவார், மறுபடி மாட்டுவார். கணக்கு சரியாயிற்று. ஆனால் கிரேன் ஓயாமல் வரும் நாட்களில் பார்க்காத தகடுகள் மேசையில் குவிந்தன. இப்போது கான்ட்ராக்டரின் குறை, அக்கா மெதுவாக வேலை செய்கிறார் என்பது.

சிலுவையின் வரிசையை அடையாளம் கண்டு விலக்கிவிடும்படி மென்பொருளைத் திருத்த முனைந்தேன். பாதி எழுதிய பின் கை தயங்கியது. விலக்குவதற்கு முதலில் அது சிலுவை என்று கணினி அறிய வேண்டும், அறிந்தால் பதியும். ஒரு பெண் எப்போது, எத்தனை முறை வேண்டிக்கொள்கிறார் என்ற தகவல் தொழிற்சாலையிடம் இருக்கலாகாது என்று எனக்குப் பட்டது. அவரோடு முடிகிற விஷயமும் அல்ல. அடுத்த ஷிஃப்டில் அதே மேசைக்கு வருபவர் கருவியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார், வியர்வை துடைப்பார், தூரத்து நண்பனை டீக்கு அழைப்பார். இரைச்சல் மிகுந்த அந்த ஷாப்பில் கைகளுக்குத்தான் வாய் இருந்தது. அவற்றில் எது தனக்கானது என்று கேமரா எப்படி அறியும்?

பழைய வெல்டிங் இயந்திரத்திலிருந்து கழற்றிய இரண்டு கால்மிதிகள் பராமரிப்புப் பிரிவில் கிடந்தன. அங்கிருந்த ஃபிட்டரோடு சேர்ந்து அவற்றைக் கணினியில் இணைத்தேன். ஒன்று சரி, மற்றொன்று தள்ளுபடி. கேமரா ஓடிய நாட்களின் உபரி எண்ணிக்கை முழுவதும் என் கருவி செய்த பிழை, மேசையில் நின்றவர் செய்ததல்ல என்று எழுதி மேலாளரிடம் கொடுத்தேன்.

அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இத்தனை நாள் கைய ஆட்டச் சொல்லிட்டு, கடைசியில கால்ல வந்து நிக்கிறியேப்பா." பிறகு கையெழுத்திட்டு, கான்ட்ராக்டரைத் தொலைபேசியில் அழைத்தார்.

அக்காவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. கேமராவைக் கழற்றிவிட்டோம், மற்ற ஆய்வு மேசைகளுக்கும் கால்மிதி வந்தது. அதன்பின், எந்தப் பணியிடத்துக்கு ஒரு கருவியைப் பரிந்துரைத்தாலும், அதற்கு முன் அங்கே ஒரு முழு ஷிஃப்ட் நின்று, அங்குள்ளவர்களின் கைகள் ஏற்கெனவே என்னென்ன செய்கின்றன என்று பார்த்துவிடுகிறேன்.