விளக்கேற்றிய பின் முதல் சொல்

வீட்டில் அவளுக்குப் பெயர் கோட்டான். ஊமைக்கோட்டான் என்று அக்கா வைத்த பெயர் நாளாவட்டத்தில் தேய்ந்து பாதியாகிவிட்டது. ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. ஈரப் படுக்கை விரிப்பைச் சூடான உருளைகளுக்குள் செலுத்த வேண்டும். இந்த முனையை இவள் பிடித்தால் அந்த முனையை இன்னொருத்தி பிடிப்பாள். நீராவி இரைச்சலில் அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது. அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போனதே அதனால்தான்.

அவள் கதையை அப்பாவின் தம்ளரிலிருந்து தொடங்க வேண்டும். லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா திடீரென்று போய்ச் சேர்ந்தபோது, பிள்ளைகள் மூவரும் எதற்கெடுத்தாலும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அம்மா பார்த்தாள். அப்பா படத்துக்கு முன்னால் அவருடைய தம்ளரில் தண்ணீர் வைத்தாள். அவருக்கும் அவருக்கு முன்னால் போனவர்களுக்கும் சேர்த்து ஒரு விளக்கு ஏற்றினாள். கேட்க வேண்டியதை உரக்கக் கேட்டுவிட்டு எல்லோரையும் வாயை மூடச் சொன்னாள்.

“இனிமே யார் வாயில முதல் வார்த்தை வருதோ, அது போனவங்க சொல்ற வார்த்தை. மறுபேச்சு கிடையாது.”

கேட்டவளே பதில் சொல்லக் கூடாது என்றும் ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். அதனால் அம்மா ஒருநாளும் பேசியதில்லை. தெருவில் போகிறவரை நிறுத்திக் கதை கேட்கும் அக்காகூட விளக்கு முன்னால் வாய் தைத்தவள்போல உட்காருவாள். செத்தவர்கள் பேசினார்களோ இல்லையோ, ஒவ்வொரு முறையும் பேசியது அண்ணன்தான். அண்ணன் கடைத்தெருவில் பூட்டு ரிப்பேர் செய்கிறவன். எந்தப் பூட்டையும் திறந்துவிடுவான், வீட்டில் மட்டும் எல்லாவற்றையும் பூட்டுகிறான் என்று கோட்டான் மனதுக்குள் சொல்லிக்கொள்வாள்.

அவள் மேலே படிக்கலாமா என்று அம்மா கேட்டபோது, “வேலைக்குப் போகட்டும்” என்றான். போனாள். சில வருடங்கள் கழித்து, ஓட்டல் சீருடைகளைத் தைக்கும் தையல்காரர் வீடு தேடி வந்து அவளைப் பெண் கேட்டார். நல்ல மனிதர். அவள் ஒரு வார்த்தை பேச அவர் பத்து நிமிஷம் காத்திருப்பார். அன்று விளக்கு முன்னால் ‘வேணும்’ என்ற சொல் தொண்டைக்குழி வரை வந்து நின்றது. எல்லோரும் அண்ணன் வாயைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். வெகுநேரம் கழித்து அவன், “வேண்டாம்” என்றான். இவள் தன் சொல்லை விழுங்கிவிட்டாள். தையல்காரர் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டார். அவள் அண்ணனை மன்னிக்கவே இல்லை. மன்னிக்காமலேதான் அவனுக்குத் துணி தேய்த்துக் கொடுத்தாள்.

இப்போது அம்மாவே குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறதாம்.

“ஆபரேஷன் பண்ணா பிழைக்கலாம். டேபிள்லயே உயிர் போகவும் வாய்ப்பிருக்கு. பண்ணலன்னா நாளைக்கு வரைக்கும் தாங்கமாட்டாங்க,” என்றார் டாக்டர். “தியேட்டரைத் தயார் பண்றோம். நர்ஸ் போன் பண்ணுவாங்க, முடிவைச் சொல்லிடுங்க.”

“அம்மாவுக்கு ரொம்ப வலிக்குமா சார்?” என்று கேட்டான் அண்ணன்.

அதைக் கேட்டதும் கோட்டான், அவன் வாயில் ‘வேண்டாம்’ தயாராகிவிட்டது என்று நினைத்தாள். அவனோ, “அப்பாவைக் கேக்காம எப்படி?” என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினான். வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில்தான். உயிர் ஊசலாடும் நேரத்தில் வீட்டுக்கு ஓடுவது பைத்தியக்காரத்தனம் என்று நீங்கள் சொல்லலாம். கேட்காமல் கையெழுத்துப் போடுவதுதான் அவர்களுக்குப் பைத்தியக்காரத்தனம்.

விளக்கேற்ற அம்மா இல்லை. அக்கா தீக்குச்சியை உரசினாள். பற்றவில்லை. “நமத்துப்போச்சு,” என்றாள். ஏற்றுவதற்கு முன்னால் பேசியது கணக்கில் சேராது. அடுத்த குச்சி பற்றியது. திரியும் பற்றியது. அக்கா உடைந்த குரலில் கேட்டாள்.

“அப்பா, அம்மாவுக்கு ஆபரேஷன் பண்ணலாமா, வேண்டாமா?”

கேட்டவள் இனிப் பேச முடியாது. மிஞ்சியது அண்ணனும் கோட்டானும்தான்.

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. படத்திலிருந்த அப்பா எப்போதும்போல ஓரக்கண்ணால், பின்னால் வரும் வண்டியைப் பார்க்கிறவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் வாயைத் திறந்தான். மூடினான். நெற்றியில் வேர்வை பொடித்திருந்தது. சொல்லிவிடப் போகிறான், இதோ சொல்லப் போகிறான் என்று கோட்டான் அவன் வாயையே பார்த்திருந்தாள்.

பாய்மேல் கிடந்த அண்ணனின் போன் அடித்தது.

ஆஸ்பத்திரி எண். யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் பேச வேண்டும். பேசினால் அதுதான் முதல் சொல். வெறும் ‘ஹலோ’வை முன்னோர் வாக்காக வைத்துக்கொண்டு என்ன செய்வது? போன் அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அண்ணன் போனைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். கை நீளவில்லை.

கோட்டான் எடுத்தாள்.

“பண்ணுங்க,” என்றாள். பேசாத தொண்டை கரகரத்தது.

“என்னம்மா சொல்றீங்க?”

“ஆபரேஷன் பண்ணுங்க. நாங்க வந்துக்கிட்டே இருக்கோம்.”

அக்கா படத்தின் முன் விழுந்து கும்பிட்டாள். “அப்பா சொல்லிட்டாரு.”

“அப்பா சொல்லலக்கா,” என்றாள் கோட்டான். “நான்தான் சொன்னேன். ஏதாவது ஆச்சுன்னா என்னைக் கேளுங்க.”

சொல்லும்போது தைரியமாகத்தான் இருந்தது. ஆபரேஷன் அறையின் கதவு மூடிய பிறகுதான் செய்தது உறைத்தது. அம்மா போய்விட்டால் அனுப்பிவைத்தது இவள். அதைப் பங்குபோட்டுக்கொள்ள அப்பாவையும் தாத்தாவையும் கூப்பிட முடியாதபடி தானே கெடுத்துக்கொண்டாள். அண்ணன் ஒவ்வொரு முறையும் இதைத்தான் தாங்கினானா என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். யாரோ ஒருவர் வெளியே வரும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்த்தாள்.

கடைசியில் டாக்டரே வந்தார். முகமூடியை இறக்கினார்.

“தாண்டிட்டாங்க. வலது கை சரியா வருமான்னு சொல்ல முடியாது. பேச்சும் மெதுவாத்தான் வரும். ஆனா பிழைச்சுக்குவாங்க.”

அக்கா அடைத்துவைத்த பேச்சையெல்லாம் அந்த இடத்திலேயே கொட்ட ஆரம்பித்தாள். கோட்டான் மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். அண்ணன் வந்து ஒரு படி கீழே உட்கார்ந்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“எனக்கு ஒருநாளும் ஒண்ணும் கேட்டதில்ல,” என்றான். “அப்பா குரலும் இல்ல, யார் குரலும் இல்ல. எல்லாரும் என் மூஞ்சியவே பாப்பீங்க. எண்ணெய் தீந்துபோற வரைக்கும் பாப்பீங்க. எதையாவது சொல்லித் தொலைப்பேன். இன்னிக்கு அதுவும் வரல.”

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

“தையக்காரர் வந்த அன்னிக்கு, நீ வாயத் தொறப்பேன்னு எவ்வளவு நேரம் பாத்தேன் தெரியுமா? நீ பேசவே இல்ல. உனக்கு இஷ்டமில்ல போலன்னு நெனச்சேன். அதான் வேண்டாம்னேன்.”

இத்தனை வருடமாகச் சேர்த்துவைத்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. அதில் பாதி அவள் பக்கமே திரும்பியது. அண்ணனின் சட்டைக் காலரைப் பார்த்தாள். அவள் தேய்த்துக் கொடுத்த சட்டைதான்.

“வேணும்னுதான்ணே சொல்ல வந்தேன்,” என்றாள்.