பூட்டிய வீட்டில் கெட்டிமேளம்

ஒரு பெண்ணைத் திருடி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

நாற்பத்தொரு விநாடி. செல்போனே காட்டியது. போன வாரம் புதன்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு, ஒரு லேபர் கான்ட்ராக்டரிடம் பேசிவிட்டு வைத்தபோது திரையில் இருந்த எண் அது. சொன்னதைத் திருப்பி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? அதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். வேறு எதையாவது எழுதித் தப்பித்துவிடலாமா என்று இரண்டு நாள் பார்த்தேன்... முடியவில்லை.

முதலில் டாக் வந்த கதை. என் மனைவி மகளின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூரில் இருக்கிறாள். தனியாக இருக்கும் கிழவனுக்குப் பொழுது போகட்டும் என்று மகள் ஒரு ஸ்டீரியோ டாக் வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அது பதினைந்து அங்குல நீளத்தில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி. உள்ளங்கை அளவு மியூசிக் பிளேயரை அதன் தலையில் இருக்கும் பள்ளத்தில் செருகிவிட்டால் பாட்டும் பாடும், பிளேயருக்குச் சார்ஜும் ஏறும். ரேடியோ உண்டு. கடிகாரம், அலாரம் உண்டு.

கூடவே ஒரு கையேடு. அதில் பதினெட்டுப் பாதுகாப்பு விதிகள். நான் பதினெட்டையும் படித்தேன். இரண்டு முறை படித்தேன். புள்ளிவிவரத் துறையில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டியவன். எண் போட்டு எழுதியிருந்தால் விடமாட்டேன்.

காற்றோட்டத்துக்கு நாலு பக்கமும் நாலு அங்குலம் விடச் சொன்னது. ஸ்கேல் வைத்து அளந்து விட்டேன். தண்ணீர் பக்கத்தில் கூடாது என்றது. சொம்பைச் சமையலறைக்கு மாற்றினேன். சிங்கப்பூர் பிளக் நம் ஊர் சாக்கெட்டில் நுழையவில்லை. சிலர் மாதிரி ஸ்குரூ டிரைவரால் நெம்பிச் செருகாமல், ஸ்ரீபெரும்புதூர் போய் அடாப்டர் வாங்கி வந்தேன். ரேடியோ ஏரியல் ஒயரை ஜன்னலுக்கு வெளியே விட்டால் நன்றாக எடுக்கும் என்றது. விட்டேன். அதனால் ஒரு ஜன்னல் கதவு முழுதாகச் சாத்தாது... பரவாயில்லை, கம்பி இருக்கிறதே.

இரண்டு விஷயத்தில் மட்டும் என் புத்தியைப் பயன்படுத்தினேன். கடிகாரத்துக்கு அடியில் இரண்டு பேட்டரி போடச் சொன்னது. கரண்டில் ஓடும் பெட்டிக்குப் பேட்டரி எதற்கு? போடவில்லை. நீண்ட காலம் ஊரில் இல்லையென்றால் பிளக்கைப் பிடுங்கச் சொன்னது. மூன்று நாள் என்பது நீண்ட காலமா? பிடுங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்தில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். விடியற்காலை நாலரைக்கு அலாரம் வைத்தேன். மகள் ஏற்றி அனுப்பிய நூற்றுப்பன்னிரண்டு பாட்டில் மங்களகரமாக இருக்கட்டும் என்று நாதஸ்வரத்தைத் தேர்ந்தெடுத்தேன். எனக்கு இடது காது மந்தம். வால்யூம் முப்பதுக்கு இருபத்தெட்டு. சரியாக அடித்தது. எழுந்தேன், குளித்தேன், ஐந்து பத்துக்கு வீட்டைப் பூட்டினேன்.

பென்னலூரில் என் வீட்டு மாடியில் மூன்று பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளைகள். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. ராத்திரி பூராவும் அசெம்பிளி லைனில் நின்றுவிட்டு, காலை ஏழே முக்காலுக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். நம் ஊரில் காலை ஆறிலிருந்து எட்டு பவர்கட். மதியம் இரண்டிலிருந்து நாலு இன்னொன்று. எட்டு மணிக்கு ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் சாப்பிட்டுப் படுத்தால், இரண்டு மணிவரை அவர்களுக்குத் தூக்கம். அவ்வளவுதான் அவர்களுடைய ராத்திரி.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியுமா? தெரியாது. மாடிப்படி எத்தனை என்று தெரியும். பதினேழு.

புதன்கிழமை பதினொரு மணிக்குத் திரும்பி வந்தேன். கதவைத் திறந்தால் ஹாலில் டாக் தரையில் குப்புறக் கிடக்கிறது. ஒரு மூலை விரிசல். பிளக் பாதி பிடுங்கிய நிலையில். ஜன்னல் கம்பிக்கு இடையில் நீளமான ஒட்டடைக் கம்பு ஒன்று, இன்னும் நீட்டிக்கொண்டே நின்றது. அது மாடியில் இருக்கும் கம்பு. நானே வாங்கிக் கொடுத்தது.

மாடி ஏறிப்போய் ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. நேராக அவர்களை இங்கே குடிவைத்த கான்ட்ராக்டருக்கு போன் போட்டேன். "நான்தான், பத்திரிகையில் பத்தி எழுதுகிறேனே, அந்த வீட்டுக்காரர்" என்றே ஆரம்பித்தேன். உங்கள் பெண்களில் ஒருத்தி ஜன்னல் வழியாகக் கம்பு விட்டு என் சாமானைத் திருடப் பார்த்திருக்கிறாள் என்றேன்.

"யார் சார்? அந்த முத்துலட்சுமியா? நேத்தே லைன்ல ஒரு கம்ப்ளெய்ன்ட் அதும்மேல. நீங்க வுடுங்க, நான் பாத்துக்கறேன்."

நாற்பத்தொரு விநாடி. திருப்தியாக இருந்தது. காபி போட்டுக் குடித்தேன்.

மாலை ஐந்து மணிக்குக் கதவு தட்டும் சத்தம். முத்துலட்சுமி நின்றாள். இருபது வயசு இருக்கும். கண் இரண்டும் வீங்கி இருந்தது. பின்னால் அவளுடைய அறைத்தோழி இசக்கி, கம்பெனி சுடிதாரில்.

"பஸ்ல ஏறாதன்னு போன் வந்துட்டு தாத்தா. நான் என்னத்தக் களவாண்டேன்?"

"ஜன்னல் வழியாக் கம்பு விட்டது யாரு?"

"நாந்தான்."

பார்த்தீர்களா, ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று எனக்கு ஒரே வெற்றி. அவள் அசையவில்லை.

"சரி. இந்தக் கம்பி வழியா அந்தப் பெட்டி வெளிய வருமா? நீங்களே பாருங்க."

பார்த்தேன். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் நாலு விரல். டாக் பதினைந்து அங்குலம். காற்றுக்கு நாலு அங்குலம் அளந்தவன், இதை அளக்கவில்லை. ஒரு பெண்ணின் பிழைப்பைப் பறிக்கிற விஷயத்தில் மட்டும் நான் கண்மதிப்பில் கணக்குப் போட்டிருக்கிறேன்!

"அப்ப எதுக்குக் கம்பு விட்ட?" என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"ஒறங்கத்தான். மூணு நாளா உள்ள மேளம் அடிக்கு தாத்தா. மத்தியானம் பன்னெண்டரை ஆனா ஆரம்பிச்சிரும். ஒரு மணி நேரம்."

"மூணு நாளா கெட்டிமேளம் கொட்டுதாவ, மாப்ள தாலியே கட்டக் காணும்!" என்றாள் இசக்கி.

"ஏட்டி, சும்மா கெட."

"போன் பண்ணியிருக்கலாமே அம்மா?" என்றேன்.

"பதினேழு தடவ பண்ணுனேன்."

கல்யாண வீட்டில் சார்ஜ் போட இடம் கிடைக்காமல் செல்லை அணைத்து வைத்திருந்தேன். திரும்பி வரும் வழியில் போட்டபோது மிஸ்டு கால் மெசேஜ்கள் வரிசையாக வந்தன. தெரியாத நம்பர். எண்ணினேன். பதினேழு. எண்ணத்தான் செய்தேன், கூப்பிடவில்லை. வாடகைக்கு இருக்கும் பெண்ணின் நம்பர் என் போனில் இல்லை.

நான் இன்னும் மடங்கவில்லை. "நாலரைக்குத்தானே வெச்சேன், பன்னெண்டரைக்கு எப்படி அடிக்கும்?" என்று கேட்டேன். அவள் உள்ளே வந்து டாக்கைத் தூக்கிக் கவிழ்த்தாள். அடியில் ஒரு மூடியைக் கட்டைவிரலால் தள்ளினாள். காலியாக இருந்தது.

"பேட்டரி போடல. கரண்டு போனா கடியாரம் பன்னெண்டுக்குப் போயிரும் தாத்தா. அலாரம் மட்டும் அழியாது. எட்டு மணிக்குக் கரண்டு வருது... அது பன்னெண்டுன்னு நெனச்சிக்கிடும். அதுக்கு நாலரை ஆவும்போது நமக்குப் பன்னெண்டரை. நாங்க லைன்ல தெனமும் போர்டு டெஸ்ட் பண்ணுதோம்லா, இது தெரியாதா?"

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். எட்டும் நாலரையும் பன்னிரண்டரை. முப்பத்தாறு வருஷம் எண்களோடு இருந்தவனுக்கு இந்தக் கூட்டலை அவள் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

பிறகு அவளே மீதியையும் சொன்னாள். பன்னிரண்டரைக்குப் போன தூக்கம், ஒன்றரைக்கு மேளம் நின்று திரும்பி வருவதற்குள் இரண்டு மணி பவர்கட் வந்துவிடும்; ஃபேன் நின்றுவிடும். திங்கட்கிழமை ராத்திரி அவள் லைனில் நின்றபடியே கண்ணை மூடிவிட்டாள். இன்னொரு தடவை தூங்கினால் வெளியே என்று லைன் லீடர் எச்சரித்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை மறுபடியும் மேளம் ஆரம்பித்ததும் அழுதுகொண்டே கம்பை எடுத்திருக்கிறாள். பிளேயர் டாக்கில் உட்கார்ந்திருக்கும்வரை சார்ஜ் தீராது. மெயின் ஸ்விட்ச் என் பூட்டுக்குள். வேறு என்ன செய்வாள்? பிளக்கைத்தான் இழுத்திருக்கிறாள். ஒயரோடு பெட்டியும் வந்துவிட்டது.

"இது நூத்தி அறுவத்தொண்ணாவது நாளு தாத்தா. நூத்தியெம்பது முடிச்சா டே ஷிப்ட் கேக்கலாம். ராத்திரி ஒறங்கலாம்" என்றாள்.

உடனே கான்ட்ராக்டருக்கு மறுபடி போன் போட்டேன். "போன்ல சொன்னா ஆச்சா? எய்திக் குடுக்கணும், நேர்ல வா" என்றார். அன்று ராத்திரி பஸ் அவள் இல்லாமல் போனது.

வியாழக்கிழமை காலை கடிதம் எழுதினேன். நாலு தாள் கிழித்தேன். முதல் தாளில் 'ஒரு தவறான புரிதல் காரணமாக' என்று வந்தது. இரண்டாவதில் 'மின்வெட்டின் விளைவாக' என்று வந்தது. மூன்றாவதில் வயசைக் காரணம் காட்டியிருந்தேன். நாலாவதைப் படித்தால் ஏதோ நான்தான் பாதிக்கப்பட்டவன் மாதிரி இருந்தது. ஐந்தாவதில் ஒரு வரி: நான் விசாரிக்காமல் சொன்னது பொய்; அந்தப் பெண் எதையும் திருடவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் பதினொரு பேரோடு ஒடுங்கி உட்கார்ந்து ஒரகடம் போனேன். அங்கே கான்ட்ராக்டருக்கு ஷட்டர் வைத்த ஒரு சின்ன ஆபீஸ். வெளியே பையோடு பதினாலு பெண்கள் வரிசையில் நின்றார்கள், புதிதாக வேலைக்குச் சேர. கான்ட்ராக்டர் என் கடிதத்தை அவர்கள் எதிரிலேயே படித்தார்.

"இன்னா பெருசு, நேத்து திருடின்னே, இன்னிக்கி இல்லன்றே?"

"தப்பு என்மேலதான். அந்தப் பொண்ணைத் திரும்ப எடுத்துக்கணும்."

"எட்த்துக்கறேன். நல்லா வேலை செய்ற பொண்ணுதான். நாளைலேர்ந்து வரச்சொல்லு. ஆனா ஒண்ணுலேர்ந்துதான்."

"ஒண்ணுலேர்ந்துன்னா?"

"நேத்தே சிஸ்டத்துல கட் பண்ணியாச்சு. மறுபடி போட்டா புது ஐடி. நாள் ஒண்ணுலேர்ந்து ஓடும்."

நூற்று அறுபத்தொன்று போச்சா? நான் கெஞ்சினேன். கை கூப்பினேன் என்றுகூட நினைக்கிறேன். வரிசையில் நின்ற ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னா சார், என்னியே கொற சொல்லினு கீறே? வேற எவனாவது போன் பண்ணியிருந்தா ரெண்டு நாள் விசாரிச்சிருப்பேன். நீங்க பெரிய மனுசன், பேப்பர்ல எய்தறவரு. இவரு பொய்யா சொல்லப்போறாருன்னு உடனே கட் பண்ணேன்."

இந்தப் பத்தியை எத்தனையோ வாரமாக எழுதுகிறேன். இதனால் ஊரில் எனக்கு ஒரு மரியாதை இருக்கிறது என்று தெரியும். அந்த மரியாதைக்கு என்ன விலை, அதை யார் கொடுத்தார்கள் என்பது அந்த ஷட்டருக்கு முன்னால்தான் தெரிந்தது.

திரும்பி வந்தபோது மணி ஒன்றே கால். மாடியில் மற்ற இரண்டு பேரும் தூக்கம். முத்துலட்சுமி மட்டும் படியில் உட்கார்ந்திருந்தாள். சொன்னேன். வேலை உண்டு, ஆனால் ஒன்றிலிருந்து. அவள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள்.

"அப்ப டே ஷிப்டு அடுத்த வருசம்தான்."

"என்னை மன்னிச்சிடும்மா."

"அதெல்லாம் வேண்டாம் தாத்தா. பகல்ல கொஞ்சம் சத்தம் இல்லாம இருங்க. போதும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

டாக் வைத்திருப்பவர்களுக்கு: இரண்டு பேட்டரியை முதலில் போடுங்கள். வெளியூர் போகும்போது பிளக்கைப் பிடுங்குங்கள், ஒரு நாளாக இருந்தாலும். மாடியில் யார் இருக்கிறார்கள், எப்போது தூங்குகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள். இது கையேட்டில் இல்லை.

அன்றிலிருந்து என் வீட்டுப் பகல் சத்தங்களை எண்ணி வருகிறேன். குக்கர், மோட்டார், அழைப்பு மணி, டிவி, இரும்பு கேட், என் இருமல்... இருபத்திரண்டு தேறியது. பத்தொன்பதை நிறுத்திவிட்டேன். இருமலுக்குத் துண்டை வாயில் வைத்துக்கொள்கிறேன்.

இன்று அவளுக்கு ஆறாம் நாள். இன்னும் நூற்றெழுபத்து நாலு.

மேலே மூன்று பேர் தூங்குகிறார்கள். இதை வாய்விட்டுப் படிக்காதீர்கள்.